பாட்டி தூங்கப் போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகரில் குடும்பமாக நடத்தும் கடையில் இரவுச் சாப்பாடு என்றால் ஆறு, ஆறரைக்குள் போய் உட்கார்ந்துவிடுவது நல்லது. கூகுள் மேப்பில் ஒன்பதரை வரை என்று போட்டிருக்கும். எட்டரைக்குப் போனாலும் கதவு திறந்துதான் இருக்கும், விளக்கு எரியும், டிவி ஓடும், பேத்தி ஒரு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். சோறுதான் இருக்காது. லாவோஸில் சோறு தீர்ந்த பிறகு மற்றதைக் கேட்டு வாங்குவதில் பெரிய பயன் இல்லை. அங்கே செய்கிற மீன், கறி, துவையல் எல்லாமே அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்தவை.

இன்னொரு உலை வைத்தால் என்ன என்று நமக்குத் தோன்றும். அது நடக்காது. அவர்கள் சாப்பிடுவது காவ் நியாவ் என்கிற ஒட்டரிசி. இதைக் கொதிக்க வைத்து வடிப்பதில்லை. முந்தின இரவோ, குறைந்தது நாலைந்து மணி நேரம் முன்போ ஊறப்போட வேண்டும். ஊறியதைக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, கழுத்து குறுகிய ஒரு பானையின் வாயில் அந்தக் கூடையைச் செருகி ஆவியில் வேக வைக்கிறார்கள். பாதி வெந்ததும் கூடையைத் தூக்கி ஒரு குலுக்கு. சோறு முழுசாக ஒரே கட்டியாகப் புரண்டு, மேல் பக்கம் கீழே போய்விடும். வெந்த பிறகு பலகையில் கொட்டி, மரக் கரண்டியால் பரப்பி, ஆவியைப் போகவிட்டு, மூடி போட்ட சின்ன மூங்கில் கூடைகளில் அடைக்கிறார்கள். அந்தக் கூடையோடுதான் மேஜைக்கு வரும். காலையில் எவ்வளவு ஊறப்போட்டார்களோ அவ்வளவுதான் அன்றைய சோறு.

கூடவே கடையில் சமைக்கிற பாட்டியின் கணக்கும் ஒன்று உண்டு. அந்த ஊரில் தினமும் விடியும் நேரத்தில் பிக்குகள் வரிசையாகத் தெருவில் வருவார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் பாய் விரித்து முட்டி போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து சோற்றைக் கிள்ளிக் கிள்ளி ஒவ்வொருவர் பாத்திரத்திலும் போடுவார்கள். அதற்கு அன்றைய முதல் சோறு சூடாகத் தயாராக இருக்க வேண்டும். நாலு மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர் இரவு ஒன்பதுக்கு நமக்காகக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. நாங்கள் போன கடையில் எட்டு மணிக்கு மேல் பாட்டியின் கொட்டாவி சமையலறையிலிருந்து வெளியே கேட்டது.

நாங்கள் என்றால் அம்மா, தம்பி, நான். தம்பி பாங்காக்கில் வேலை பார்க்கிறான், தாய் மொழி பேசுவான். தாயும் லாவோவும் நெருங்கிய மொழிகள். லாவோஸில் தாய்லாந்து டிவி பார்த்தே வளர்ந்தவர்கள் ஏராளம். அதனால் இவன் பேசுவது அவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி இவனுக்கும் புரிந்தது. தலைநகர் வியன்டியானிலிருந்து ரயிலில் வந்தோம். சீன எல்லை வரை போகும் இந்த ரயில் 2021 டிசம்பரில் ஓட ஆரம்பித்த பிறகு, மலைச்சாலையில் நாள் முழுக்க இடுப்பொடிய வர வேண்டிய தூரம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. கூட்டமும் அதற்கேற்ற மாதிரி ஏறியிருக்கிறது. மேகாங்கும் நாம் கான் ஆறும் சேரும் பழைய நகரப் பகுதி 1995-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது. அந்த ஆற்றங்கரை ஓரமாக வரிசையாக இருக்கும் கடைகளில் பீட்சா, ஃப்ரைடு ரைஸ், பழச்சாறு எல்லாம் கிடைக்கும். சூரிய அஸ்தமனம் பார்க்க நல்ல இடங்கள். லாவோ சாப்பாட்டுக்கு அங்கிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே நடக்கலாம்.

கடை தேட ஒரு வழி சொல்கிறேன். தங்கும் விடுதியில் "இங்கே நல்ல ரெஸ்டாரண்ட் எது?" என்று கேட்டால் கமிஷன் வரும் இடத்தைக் காட்டுவார்கள், அல்லது வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற இடத்தைச் சொல்வார்கள். "உங்க வீட்டில் சமைக்காத அன்னைக்கு நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். எங்கள் விடுதியில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா யோசிக்கவே இல்லை, கையாலேயே வழி காட்டிவிட்டார். போய்ப் பார்த்தால் பெயர்ப் பலகைகூடச் சரியாக இல்லை. மாடியில் வீடு, கீழே முன் கூடத்தில் நாலைந்து மேஜை. வாசலில் கும்மட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்க, பிளந்த மூங்கில் குச்சியில் கவ்விய மீனை மருமகன் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் ஆர்டர் எடுப்பது, பாட்டி சமையல், பேத்தி தண்ணீர் வைப்பது. தாத்தா ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லோரையும் மேற்பார்வை பார்த்தார், அதாவது வேறு ஒன்றும் செய்யவில்லை. கூடம் பலகைத் தரையாக இருந்து, வாசலில் செருப்புகள் கிடந்தால் நாமும் கழற்றிவிட வேண்டும்.

மெனு கார்டு கொடுப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்டு, படத்தோடு, ஐம்பது அறுபது பெயர்கள் இருக்கும். அதை மேஜை ஓரத்தில் வைத்துவிடலாம். பின்னால் இருப்பது இரண்டு கரி அடுப்பும் ஒரு கேஸ் அடுப்பும். அதில் அறுபது வகை எப்படி வரும்? அன்றைக்குச் சந்தையில் வாங்கியது எது, காலையில் அடுப்பேறியது எது என்று கேட்பதுதான் சரி. தம்பி "இன்னைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டதும் மகள் முகம் மலர்ந்து, கார்டைத் தானே எடுத்து மூடிவிட்டு, விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆற்று மீன் இருக்கிறது, எருமைக் கறி இருக்கிறது, ஓ லாம் என்கிற குழம்பு காலையிலிருந்து கொதிக்கிறது, கத்திரிக்காய் இருக்கிறது. கார்டில் முதல் பக்கத்தில் பெரிய படமாக இருந்த ஒன்றைக் காட்டி இது என்றேன். "அதுவா, அது போன வருஷம் செஞ்சோம்" என்றார்.

எப்படி ஆர்டர் செய்வது என்பதில் ஒரு முறை இருக்கிறது. ஆளுக்கொரு தட்டு என்று சொல்லவே கூடாது. மூன்று பேருக்கு, குழம்பு மாதிரி ஒன்று, சுட்டது ஒன்று, இடித்த துவையல் ஒன்று, பச்சையாகவோ அவித்தோ காய் கீரை கொஞ்சம். நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். சோற்றுக் கூடை மட்டும் ஆளுக்கு ஒன்று கேட்கலாம். முதலில் சூப், பிறகு அது, பிறகு இது என்ற வரிசை கிடையாது. எது முதலில் வெந்ததோ அது முதலில் வரும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் மீன் ஆறிப் போகும். ஆர்டரையும் பிட்டுப் பிட்டாகச் சொல்லாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பக்கத்து மேஜையில் ஒரு வெளிநாட்டு ஜோடி ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காத்திருந்து, கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தபடி எழுந்து போனார்கள். பாட்டி யாருக்காகவும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓ லாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது லுவாங் பிரபாங்கின் சொந்தச் சாப்பாடு. ஆலிவ் பச்சை நிறத்தில் கெட்டியாக, பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. எருமைக் கறியோ காய்ந்த எருமைத் தோலோ அடித்தளம். அதில் குண்டு கத்திரிக்காய், காராமணிக்காய், எலுமிச்சைப் புல், பச்சை மிளகாய், மரக் காளான், கோவை இலை, கடைசியில் நிறையச் சோயிக் கீரை, அதாவது சதகுப்பை. நம் ஊரில் மருந்துக் கடைச் சமாசாரமான இந்தச் சோயிக் கீரையை லாவோஸில் கொத்தமல்லி கணக்காக அள்ளிப் போடுகிறார்கள். கெட்டியாக வருவதற்கு வெந்த கத்திரிக்காயை எடுத்து உரலில் நசுக்கி மறுபடி பானையிலேயே சேர்த்துவிடுவார்கள். சில வீடுகளில் ஒட்டரிசிச் சோற்றைச் சுட்டு இடித்துப் போடுவதும் உண்டு. லுவாங் பிரபாங் அரண்மனையில் தலைமைச் சமையல்காரராக இருந்து 1967-ல் காலமான ஃபியா சிங், தன் குறிப்பு நோட்டுகளில் இதையும் எழுதி வைத்திருக்கிறார். அரண்மனை உணவாகவும் குடிசை உணவாகவும் ஒரே பண்டம் இருப்பது அபூர்வம்.

அந்தப் பானைக்குள் விரல் நீளத்தில் மரத்துண்டுகள் கிடக்கும். சகான் என்பார்கள். மிளகுக் குடும்பத்துக் கொடியின் தண்டு. அதை விழுங்கக் கூடாது. வாயில் போட்டு மென்று, சாறு இறங்கியதும் சக்கையை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், அங்கே பிறந்த குழந்தைக்கே தெரிந்த விஷயம் என்பதால். அம்மா தன் கிண்ணத்தில் கிடந்த துண்டைக் கடித்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. காரம் முதலில் நாக்கு நுனியில் சுருக்கென்று ஏறி, பிறகு லேசாக மரத்துப் போகிற மாதிரி பரவுமே, அது.

"டேய், இது கண்டந்திப்பிலி மாதிரி இருக்குடா."

பிரசவமானவர்களுக்கும் உடம்பு வலிக்கும் ரசம் வைக்கிற அதே கண்டந்திப்பிலி. அதுவும் மிளகுக் குடும்பம்தான், அம்மாவின் நாக்கு தப்பவில்லை. தம்பி அதைத் தாய் மொழியில் எப்படியோ சுற்றி வளைத்துச் சொல்ல, மகள் உள்ளே போய்ச் சொல்ல, பாட்டி ஒரு முழக் கட்டையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தடித்த கொடி, கரும்பழுப்புப் பட்டை, வெட்டிய முகத்தில் சக்கரத்தின் ஆரங்களாகக் கோடுகள். அம்மா அதை முகர்ந்து பார்த்தார். பாட்டி அரிவாளால் ஒரு சில்லு சீவிக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தம்பியை வைத்துக்கொண்டு மூட்டு வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியின் பங்கு மீனில் ஒரு பாதியை எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் அம்மா சாப்பிட்ட ஓ லாம் வேறு, நாங்கள் சாப்பிட்டது வேறு. அம்மா சைவம். இங்கேதான் லாவோஸ் போகிற நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல்.

பௌத்த நாடு, அதனால் சைவம் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. லாவோஸில் இருப்பது தேரவாத பௌத்தம். பிக்குகளே பாத்திரத்தில் விழுவதைச் சாப்பிடுகிறவர்கள், அதில் கறியும் மீனும் இருக்கும். முழுச் சைவம் என்பது பெரும்பாலும் சீன, வியட்நாமிய பௌத்தர்கள் வழியாக வந்த பழக்கம். லாவோ சமையலறையின் ஆதாரமே பாதேக் என்கிற மீன் ஊறல். ஆற்று மீனை உப்பும் தவிடும் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். கலங்கலான சாறும் மீன் துண்டுமாக இருக்கும். நாம் உப்புப் போடுகிற இடத்திலெல்லாம் அவர்கள் அதைத்தான் போடுகிறார்கள். ஆகவே "மீன் வேண்டாம், கறி வேண்டாம்" என்று சொன்னால் துண்டு போட மாட்டார்கள், பாதேக் போட்டுவிடுவார்கள். ஏமாற்று இல்லை. உப்பை யாராவது அசைவம் என்று நினைப்பார்களா?

அதனால் இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். "போ கின் சீன், போ கின் பா" என்றால் கறி, மீன் சாப்பிட மாட்டேன். அதோடு நிறுத்தாமல் "போ சாய் பாதேக், போ சாய் நாம் பா" என்று, மீன் ஊறலும் மீன் சாஸும் போடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். "சாய் கெவா", உப்பு போடுங்கள், என்று முடித்தால் குழப்பம் இருக்காது. இந்த மூன்றையும் லாவோ எழுத்தில் யாரிடமாவது எழுதி வாங்கிப் போனில் படமாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, நம் உச்சரிப்பில் சுரம் தப்பினால் அர்த்தம் தப்பும். இதற்குப் பிறகும் சில இடங்களில் கவனம் வேண்டும். வதக்கிய கீரையில் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். சூப்பில் எலும்புச் சாறோ அதன் பொடியோ இருக்கும். காய் பேன் என்று ஆற்றுப் பாசியை மெல்லிய தாளாகக் காய வைத்து, எள்ளும் பூண்டும் தக்காளியும் ஒட்டிப் பொரித்துத் தருவார்கள். அது அப்பளம் மாதிரி நொறுங்கும், சைவம்தான். ஆனால் அதற்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற ஜேவ் பொங் என்ற மிளகாய்த் துவையலில் எருமைத் தோல் நறுக்கிப் போட்டிருப்பார்கள். கேட்காமல் தொடக் கூடாது.

எங்கள் பாட்டிக்கு இந்தச் செய்தி உள்ளே போனதும் கரண்டியோடு வெளியே வந்து அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை, கவலை.

"பாதேக் இல்லாம சப்புன்னு இருக்குமே, எப்படிச் சாப்பிடுவாங்களாம்?"

"உப்பு இருக்குல்ல, அது போதும்னு சொல்லுடா," என்றார் அம்மா.

சொன்னான். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே போய், ஒரு சின்னச் சட்டியில் கத்திரிக்காய், காளான், பூசணி, சகான், சோயிக் கீரை எல்லாம் போட்டுத் தனியாக ஒரு ஓ லாம் செய்து கொண்டுவந்தார். பொதுப் பானையிலிருந்து கறியை ஒதுக்கிவிட்டு மொண்டு தரவில்லை. இது எல்லாக் கடையிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. முதல் நாளோ அன்று மதியமோ போய்ச் சொல்லிவிட்டு வந்தால் நடக்க வாய்ப்பு அதிகம். கூடவே கத்திரிக்காய் ஜேவ் வந்தது. கத்திரிக்காய், பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் கரியில் சுட்டுத் தோலுரித்து, உரலில் இடித்து, கொத்தமல்லி தூவியது. அவித்த பூசணி, நீளப் பயத்தங்காய். அம்மாவுக்கு அதுவே அமிர்தமாக இருந்தது, இரண்டாவது கூடைச் சோறு வாங்கியது அவர்தான்.

சோறு சாப்பிடும் விதம் நம் கைக்குப் புதிது. நாம் விரலால் பிசைந்து பழகியவர்கள், இதைப் பிசைந்தால் உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொள்ளும். கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கூடையிலிருந்து எலுமிச்சை அளவு எடுத்துக்கொண்டு உடனே மூடியைப் போட்டுவிட வேண்டும், திறந்து வைத்தால் காய்ந்து விறைத்துப் போகும். அதிலிருந்து வாய்க்கு எவ்வளவோ அவ்வளவு கிள்ளி, விரல் நுனியால் உருட்டி, கட்டை விரலால் ஒரு அழுத்து. அந்தக் குழியில் துவையலை வழித்தோ மீனைக் கவ்வியோ வாயில் போட வேண்டும். குழம்புக்கு ஸ்பூன் தருவார்கள். சாப்ஸ்டிக் குச்சி என்பது நூடுல்ஸுக்கு மட்டும்தான், சோற்றுக்குக் கேட்டால் சிரிப்பார்கள். பேத்தி எங்கள் மேஜைக்கு வந்து என் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். ஆசிரியை கண்டிப்பானவர். முடித்ததும் கூடையை மூடாமல் விட்டால் ஆகாது என்ற நம்பிக்கை ஒன்று உண்டு, குடும்பம் பிரியும் என்பார்கள். தம்பி திறந்து போட்டிருந்ததைத் தாத்தாவே எட்டி மூடிவிட்டார். இவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பப்பாளிக்காயில் செய்கிற தம் மாக் ஹூங் ஆர்டர் செய்தால் எத்தனை மிளகாய் என்று கேட்பார்கள். ஆந்திரா ஊறுகாய் சாப்பிடுகிற ஆட்கள் நாம் என்ற நினைப்பு அங்கே உதவாது. எண்ணெயில் வதங்கிய காரம் வேறு, பச்சையாக நசுக்கின ஊசி மிளகாய் வேறு. இரண்டு, மூன்று போதும். பாட்டி மண் உரலில் மர உலக்கையால் இடித்தபோது கவனித்தேன். மசிக்கவே இல்லை. ஒரு கையில் ஸ்பூனால் அடியிலிருந்து புரட்டிவிட்டு, மறு கையால் பொத் பொத்தென்று காய் கன்றிப் போகிற அளவுக்கு மட்டும் தட்டினார். ருசி பார்க்க மகளைக் கூப்பிட்டு ஒரு கீற்றைக் கையில் வைத்தார், மகள் எலுமிச்சை இன்னும் என்றார், பிழிந்தார், மறுபடி ஒரு கீற்று.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. லாப் என்பது பொடியாகக் கொத்திய கறி, வறுத்து இடித்த ஒட்டரிசிப் பொடி, புதினா, எலுமிச்சை எல்லாம் கலந்தது. விசேஷ வீடுகளில் தவறாமல் இருக்கும். இதை வேக வைத்தும் செய்வார்கள், பச்சையாகவும் செய்வார்கள். "சுக்" என்றால் வெந்தது, "டிப்" என்றால் பச்சை. சுக் என்றே கேளுங்கள். ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம். மேகாங் பகுதி நன்னீர் மீன்களில் கல்லீரல் தட்டைப்புழு இருக்கிறது. உடம்புக்குள் தங்கினால் வருஷக்கணக்கில் இருந்து பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடக்கூடியது. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களே என்ற சமாதானம் இங்கே செல்லாது, அந்த நோய் அதிகம் வருவதும் அவர்களுக்குத்தான். பாதேக்கையும் கொதிக்க வைத்ததா என்று கேட்டுக்கொள்ளலாம். லாப்பில் சில சமயம் பித்தநீர் சேர்ப்பார்கள், நன்றாகக் கசக்கும். பாகற்காய் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

ஹலால் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் குடும்பக் கடைகள் ஒத்துவராது. லுவாங் பிரபாங்கின் காவ் சோய் நூடுல்ஸில் மேலே போடுகிற மசாலாவே பன்றிக் கறிதான். வியன்டியானில் 'நாம் பூ' என்ற நீரூற்றுக்குப் பக்கத்தில், தமிழ் முஸ்லிம்களும் தொழுது வரும் ஜாமியா மசூதி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் விசாரித்தால் வழி கிடைக்கும்.

சாப்பிட்டு முடிகிற நேரத்தில் தாத்தா லாவ் லாவ் என்ற அரிசிச் சாராயத்தோடு வந்தார். ஒரே ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை. முதலில் ஊற்றுகிறவர் தான் குடித்துவிட்டு, அதே குவளையை நிரப்பி அடுத்தவருக்கு நீட்டுவார், அப்படியே சுற்றி வரும். குடிக்காதவர்கள் வாங்கி உதட்டில் வைத்துவிட்டு, கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தால் மரியாதை முடிந்தது. அம்மா அதைத்தான் செய்தார். தம்பி என்ன செய்தான் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

பணம் பற்றி. லாவோஸ் பணமான கிப் நோட்டுகளில் சைபர்கள் அதிகம். நாங்கள் போனபோது ஒரு டாலருக்கு 20,000 கிப்புக்கு மேல் கிடைத்தது, 50,000 கிப் என்பது நம் பணத்தில் சுமார் 200 ரூபாய். எங்கள் கடையில் ஒரு தட்டு 40,000 முதல் 70,000 கிப் வரை, சோற்றுக் கூடை அதில் ஒரு சின்னப் பங்கு. கார்டில் 40 என்று மட்டும் போட்டிருந்தால் 40,000 என்று படிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் போனில் க்யூஆர் காட்டிப் பணம் கட்டுவார்கள், நமக்கு ரொக்கம்தான், அதிலும் சில்லறை நோட்டு. டிப்ஸ் எதிர்பார்க்கிற வழக்கம் இல்லை. மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் சந்தோஷப்படுவார்கள், சில சமயம் பேத்தியை அனுப்பித் தெருவில் துரத்திக்கொண்டு வந்து திருப்பிக் கொடுப்பதும் உண்டு.

ஏப்ரல் நடுவில் அவர்களுடைய புத்தாண்டு. அந்த நாலைந்து நாள் இந்த மாதிரிக் கடைகள் பூட்டியிருக்கும், திறந்திருந்தாலும் உள்ளே சொந்தக்காரர்கள் கூட்டமாக இருக்கும். காய் பேன் பாசி, ஆற்றில் தண்ணீர் வற்றித் தெளியும் மழையில்லாத மாதங்களில் எடுப்பது. ஜனவரி, பிப்ரவரி வாக்கில் போனால் ஆற்றங்கரை ஊர்களில் மூங்கில் தட்டிகளில் அதை வெயிலில் காய வைத்திருப்பதைப் பார்க்கலாம். வாழையிலையில் மடித்து ஆவியில் வேக வைக்கும் மீன், அதாவது மோக் பா, கேட்டவுடன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். மீனுக்கு மசாலா அரைத்து, இலையில் மடித்து, வேக வைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். மதியமே சொல்லிவிட்டுப் போவது உத்தமம்.

மிச்சக் கிப்பை லாவோஸை விட்டு வெளியே வந்தால் மாற்றுவது கஷ்டம், அதனால் சந்தையில் செலவழித்துவிடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு பாட்டில் ஜேவ் பொங் வாங்கலாம், தயிர் சாதத்துக்கு அபாரம். அதைச் செக்-இன் பெட்டியில் போட வேண்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். காய் பேன் தாள்கள் பெட்டிக்குள் போட்டால் தூளாகிவிடும், அவற்றை ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். ஊரில் வந்து பொரிக்கும்போது எண்ணெய் அதிகம் காயக் கூடாது, போட்டு மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கசந்துவிடும்.